இருநூற்றுப் பதினைந்தாவது பெயர்

கேக்குதாம்மா, கேக்குதா என்று அந்தக் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல வருகிறது, கேக்குது அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க என்கிறாள் சண்முகவடிவு, ரிசீவர் வேர்வையில் வழுக்குகிறது, அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு வலது கையால் எழுதுகிறாள், இடது கை தாளை அமுக்கிப் பிடித்திருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே மூன்றாவது நாளாக மழை, ஊரில் மின்சாரம் இல்லை, கீழே அச்சகத்தில் ஜெனரேட்டர் உறுமுவது மேசைக் கால் வழியாக ஏறி அவள் முழங்கைவரை நடுங்குகிறது, சுப்பம்மாள் கணவர் பெயர் ஆறுமுகம், சுப்பம்மாள் மகள் செல்வி, செல்வி கைக்குழந்தை, இன்னும் பேர் வைக்கல, கைக்குழந்தைன்னே போட்டுக்கிடுங்க, பெயர்கள் ஒன்றின் பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன, எழுதிய விரல் மரத்துப்போகிறது, அப்போது யாரோ அவள் முழங்கையைத் தொட்டு, அக்கா, அடுத்தது நம்ம பேப்பர் என்றதும்தான் வடிவு நிமிர்ந்தாள், மழை இல்லை, ஏசியின் குளிர், மதுரையில் ஒரு கல்லூரி அரங்கம், காலை பதினொன்றரை மணி, அவளுக்கு இப்போது வயது அறுபத்தாறு, வேலையை விட்டு எட்டு வருடமாகிறது.

பத்திரிகைப் பணிக்காக ஆண்டுதோறும் விருது தரும் ஓர் அறக்கட்டளை அந்த வருடம் நான்கு செய்தி நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்திருந்தது, கடலுக்குப் போகிறவர்களுக்குக் காற்றும் அலையும் சொல்லும் ஒரு சமுதாய வானொலி, பார்வையற்றவர்களுக்காக இருபது வருடமாக வரும் பிரெயில் மாத இதழ், மலைக்கிராமங்களின் செய்தியை மட்டுமே போடும் ஓர் இணையதளம், நான்காவதாகத் திருநெல்வேலியிலிருந்து வரும் பொருநை மாலை, அந்த மாலைப் பத்திரிகையில்தான் வடிவு முப்பத்தாறு வருடம் போனில் செய்தி எடுத்தாள். எடுப்பது என்றுதான் சொல்வார்கள், எழுதுவது என்று சொல்லமாட்டார்கள், ஊர் ஊராக இருக்கும் நிருபர்கள் போன் செய்வார்கள், கோயில் கொடை, பஸ் கவிழ்ந்தது, பஞ்சாயத்துத் தகராறு, எதுவானாலும் அவர்கள் சொல்லச் சொல்ல இவள் தாளில் எடுத்துச் செய்தி ஆசிரியர் மைதீன் சார் மேசைக்கு அனுப்புவாள், அவ்வளவுதான் வேலை, சேர்ந்த முதல் வருடத்தில் ஒரு தீ விபத்து, நிருபர் தெற்கு அரியூர் என்றதை லைன் இரைச்சலில் சரியாகக் கேட்காமல், வடக்கு அரியூராகத்தான் இருக்கும் என்று தானாக முடிவுசெய்து எழுதிவிட்டாள், அன்று சாயங்காலம் பேப்பரைப் பார்த்த வடக்கு அரியூர்க்காரர் ஒருவர் டவுனிலிருந்து பதினாலு மைல் சைக்கிள் மிதித்துப் போய் வீடு முழுசாக நிற்பதைப் பார்த்துவிட்டு மறுநாள் ஆபீசுக்கு வந்தார், சண்டை போட வரவில்லை, தண்ணி கேட்டுக் குடித்தார், நல்லவேளை, பொய்யாப் போச்சும்மா என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதார், உண்மையிலேயே வீடு எரிந்தவர் அந்தச் சாயங்காலம் எதுவும் தெரியாமல் சினிமாக் கொட்டகையில் இருந்தார் என்று பிறகு தெரிந்தது. மைதீன் சார் சத்தம் போடவில்லை, நீ காது மட்டுந்தாம்மா, ஒனக்கு வாய் கெடயாது, அவங்க சொல்லாத ஒரு கமா கூட ஒன் தாள்ல இருக்கக் கூடாது என்றார், அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் அவள் ஒரு கமாவும் சேர்த்ததில்லை.

குரல்களைத்தான் அவளுக்குத் தெரியும், முகங்களைத் தெரியாது, வருடத்துக்கு ஒருமுறை நிருபர்கள் கூட்டம் நடக்கும், பிரியாணி போடுவார்கள், ஆனால் அன்றும் யாராவது போன் பக்கத்தில் இருக்க வேண்டுமே, அது வடிவுதான், ஒருவர் செய்தி சொல்வதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவார், இன்னொருவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முற்றுப்புள்ளி என்று சொல்லிச் சொல்லி நிறுத்துவார், மலையடிவாரத்து மேலமடையிலிருந்து பேசும் வண்ணமுத்து வேறு மாதிரி, சைக்கிள் வாடகைக் கடை வைத்திருந்தார், பொருநை மாலைக்கு அவரே ஏஜென்ட், அவரே நிருபர், அவர் பேசும்போது பின்னால் எங்கேயோ ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டிருக்கும், எந்தச் செய்தியானாலும் முதலில் அங்கே இருந்த ஆட்களின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் நடந்ததைச் சொல்வார், எதுக்கு அண்ணாச்சி எல்லாப் பேரும், கூட்டம்னு போட்டாப் போதாதா என்று வடிவு ஒருமுறை கேட்டாள், பேரு வந்தா அவங்க பேப்பர எடுத்து வச்சுக்கிடுவாங்கம்மா, என்னத்துக்கு விடணும் என்றார்.

அந்த ஐப்பசியில் ஆறு உடைத்துக்கொண்டு வந்தது, தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது, மேலமடைக்கும் இந்தப் பக்கத்துக்கும் நடுவே இருந்த பாலம் முழுகிப்போயிற்று, அந்தக் கரையில் யார் இருக்கிறார்கள் யார் போனார்கள் என்று இந்தக் கரையில் யாருக்கும் தெரியவில்லை, சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் துணி எடுக்கவும் இந்தப் பக்கம் வந்திருந்தவர்கள் ஊருக்குத் திரும்ப முடியாமல் ஒரு கல்யாண மண்டபத்தில் கிடந்தார்கள், முந்தின நாள் கடைசி பஸ் பாலத்தில் மாட்டிக்கொண்டது என்றும் ஒரு பேச்சு, இரண்டாவது நாள் பகல் பதினொன்று நாற்பதுக்கு வடிவு மேசையில் மணி அடித்தது, வண்ணமுத்துதான், மேட்டில் இருக்கும் நூற்பாலைக்குள் ஒரே ஒரு போன் உயிரோடு இருக்கிறது, ஊர் ஜனங்கள் பஞ்சு கோடவுனில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள், நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் போயிப் பேரு எழுதியிருக்கேன், எடுத்துக்கிடுங்கம்மா, லைன் எப்பப் போவும்னு தெரியாது என்றார், வடிவு பேனாவை எடுத்தாள், அவர் சொன்னார், அவள் எடுத்தாள், பத்துப் பெயர் ஆனதும் தாளைக் கிழித்து நீட்டினாள், கீழே எழுத்துக் கோப்பவர்கள் ஐந்து பேர் ஆளுக்கொரு தாளாக வாங்கிக் கோத்தார்கள், ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால் அவர் நிறுத்தி, இவ சின்ன இசக்கியம்மா, காட்டுநாயக்கன் தெரு என்று பிரித்துச் சொன்னார், அவர் குரல் ஒரு இடத்திலும் ஆடவில்லை, மழைக்கு ஒதுங்கி நின்று ஊர்க்கதை சொல்கிறவர் போலச் சொல்லிக்கொண்டு போனார், வடிவு ஓரத்தில் எண் போட்டுக்கொண்டே வந்தாள், நூற்று எண்பது, இருநூறு, இருநூற்றுப் பதினாலு.

அங்கே அவர் மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினார், வடிவு தன் வேலையில் இல்லாத ஒன்றை அப்போது செய்தாள், அண்ணாச்சி, உங்க வீட்டுல எல்லாரும் சொகந்தான என்று கேட்டாள், இரைச்சல் மட்டும் வந்தது, பிறகு, எங்க வீட்டுல அவளும் பிள்ளையும் நேத்து அவ அக்கா வீட்டுக்குப் போனாவம்மா, சாயங்காலப் பஸ்ஸுல திரும்பி வாரேன்னு சொன்னா, இந்த லிஸ்ட்ல அவங்க இல்ல என்றார், உடனே லைன் போய்விட்டது, வடிவு மூன்று முறை தட்டிப் பார்த்தாள், கையில் கடைசித் தாள் இருந்தது, அதில் நான்கே பெயர், மீதி வெள்ளை, அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், இவர் அத்தனை பேரையும் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார், இவர் இருக்கிறார் என்று யார் சொல்வது, அந்தப் பெண் பஸ்ஸில் ஏறாமல் இந்தக் கரையில் எங்காவது இருந்தால், அவள் யாரைத் தேடுவாள், செய்தியில் எப்போதும் நமது நிருபர் என்றுதான் வரும், பெயர் வராது, வடிவு எண் போட்டு எழுதினாள், 215, இப்பெயர்களைத் தொலைபேசி வழியே தந்த நமது மேலமடை நிருபர் வண்ணமுத்துவும் நலமாக உள்ளார், எழுதிய கையோடு தாளை அச்சகத்துக்கு அனுப்பாமல் மைதீன் சாரிடம் தானே கொண்டுபோனாள். அவர் வாசித்தார், கண்ணாடியைக் கழற்றினார், இத அவரு சொன்னாரா என்றார், இல்ல சார், நானாப் போட்டது என்றாள், அப்ப இதுக்கு யாரு சாட்சி, நாந்தான் சார், அவரு குரல நாப்பது நிமிஷம் இந்தக் காதால கேட்டேன், உயிரோட இருக்காரு, அவங்க வீட்டம்மாவும் பிள்ளையும் எங்க இருக்காங்கன்னு அவருக்குத் தெரியல சார் என்றாள், மைதீன் சார் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தின அரியூரை நினைத்திருப்பார், அவளும் நினைத்தாள், அவர் சிவப்புப் பேனாவை எடுத்தபோது அடிக்கப்போகிறார் என்று நினைத்தாள், உள்ளார் என்பதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, இது தடிச்ச எழுத்துல வரணும்னு சொல்லு என்றார்.

இடம் இல்லை என்று கீழேயிருந்து ஆள் வந்தது, முதல் பக்கத்தில் பாதியைத் தீபாவளித் துணிக்கடை விளம்பரம் பிடித்திருந்தது, முதலாளி தனசிங் அதிகம் பேசாத மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அச்சகத்தில்தான் நின்றிருந்தார், மைதீன் சார் பட்டியலைக் காட்டியதும், துணிக்கடைக்காரர்கிட்ட நான் பேசிக்கிடுதேன், அவரு ஆளுகளும் அந்தக் கரையில இருக்காங்க, எடுத்துருங்க என்றார், அன்று பொருநை மாலையின் முதல் பக்கத்தில் தலைப்பைத் தவிரப் பெயர்கள் மட்டுமே இருந்தன, செத்தவர்கள் எத்தனை என்று மற்றப் பத்திரிகைகள் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் இவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று தலைப்பு, ஒன்றேகாலுக்கு வேன் கிளம்பியது, முழங்கால் தண்ணீரில் அது போவதை வடிவு மாடி ஜன்னலில் நின்று பார்த்தாள், எழுதியது சரி, ஆனால் அந்த வரியைப் பார்க்க அந்தப் பெண் இருக்க வேண்டுமே. மறுநாள் பத்தரைக்கு மணி அடித்தது, வண்ணமுத்துவின் குரல், பின்னால் சைக்கிள் மணி இல்லை, அம்மா, எங்க வீட்டுல ரெண்டு பேரும் கெடச்சுட்டாவ, அந்தப் பஸ்ஸு பாலத்துக்கே வரலியாம், எழுதிக்கிடுங்க, தண்ணி ரெண்டடி வடிஞ்சிருக்கு, பிசான நெல்லுக்குப் போட்ட நாத்தங்கால் பூராவும் போச்சு என்று அதே மூச்சில் செய்திக்குப் போய்விட்டார், அவளும் எழுதிக்கொண்டாள், கண் நிறைந்து தாளில் ஒரு சொட்டு விழுந்து நாத்தங்கால் கலங்கியது, அதைத் திருப்பி எழுதினாள், பத்திரிகை போனில் சொந்தக் கதை பேசக் கூடாது என்று இருவருக்கும் தெரியும், பிறகு பதினெட்டு வருடம் அவர் செய்தி சொன்னார், அவள் எடுத்தாள், ஃபேக்ஸ் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, மணி அடிப்பது குறைந்து ஒருநாள் நின்றேபோனது, அந்த ஒரு வரியைப் பற்றி அவர்கள் பேசவேயில்லை.

பொருநை மாலை, திருநெல்வேலி என்று ஒலிபெருக்கி சொன்னது, முதலாளி இறந்தபின் பத்திரிகையை நடத்தும் அவர் மகள் எஸ்தர் மேடை ஏறினாள், வெள்ளத்தின்போது பிழைத்தவர்களின் பெயரை முதல் பக்கம் முழுவதும் போட்டதிலிருந்து இன்றுவரை மாவட்டத்தின் சாதாரண மனிதர்களைப் பெயர் சொல்லி அழைத்துவரும் பத்திரிகை என்று பாராட்டுப் பத்திரத்தை வாசித்தார்கள், எஸ்தர் கேடயத்தை வாங்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தாள், எனக்குப் பேசத் தெரியாது, அந்தப் பக்கத்துக்கு வேலைசெஞ்சவங்க பேர மட்டும் வாசிக்கேன் என்று ஒரு தாளை விரித்தாள், அச்சுக் கோத்த ஐந்து பேர், மிஷின் ஓட்டியவர், வேன் ஓட்டியவர், மைதீன் சார் பெயர் வந்தபோது வடிவு கண்ணை மூடிக்கொண்டாள், அவர் போய்ப் பத்து வருடம், மேலமடை வண்ணமுத்து, சண்முகவடிவு, அந்தக் கூரையின் நான்கு மூலையிலிருந்தும் தன் பெயர் வந்து விழுந்தது, எத்தனை ஆயிரம் பெயர்களை இந்தக் கையால் எடுத்திருப்பாள், தன் பெயரை இப்படி ஒருவர் சத்தமாக வாசிக்க அவள் கேட்டதில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் வந்து எதிரில் நின்றாள், கறுத்து உயர்ந்த உருவம், நரைத்த தலை, கழுத்தில் துளசி மணி, நீங்கதான போன் அம்மா என்றாள், வடிவு தலையசைக்கவும் அவள் பந்தியென்றும் பார்க்காமல் வடிவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள், நான் முப்பிடாதி, மேலமடை, அவரு சம்சாரம் என்றாள், பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சோற்றில் யார் என்ன பரிமாறுகிறார்கள் என்று பார்க்காமல் பேசினாள், எனக்கு வாசிக்கத் தெரியாதும்மா, மண்டபத்துல தபால்காரரு பெஞ்சு மேல ஏறி நின்னு வாசிச்சாரு, ஒரு பேரு வந்ததும் அந்த வீட்டு ஆளுவ அழுதுக்கிட்டே எந்திரிச்சுப் போயிருவாவ, மண்டபம் கொஞ்சங் கொஞ்சமாக் காலியாவுது, கடைசில நாங்க நாலஞ்சு பேருதான் கெடந்தோம், அவ்வளவுதான்னு பேப்பர மடிக்கப் போனவரு அப்படியே நின்னுட்டாரு, முப்பிடாதி, ஒம் புருசன் பேரு வண்ணமுத்துதானன்னு கேட்டாரு, எனக்கு வாய் வரல, கல்யாணமாகிப் பதினோரு வருசம், அவுக பேர நான் சொன்னதே கெடயாது, அன்னைக்குச் சொன்னேன் பாருங்க, ஆமா வண்ணமுத்துதான், வண்ணமுத்துதான்னு ஏழெட்டு வாட்டி, மண்டபமே கேக்கும்படியா, அந்த வரிய யாரு போட்டான்னு அவுகளக் கேட்டேன், நான் சொல்லல, அந்த அம்மாதான் போட்டிருக்கணும்னு சொன்னாவ, அன்னைலேருந்து உங்கள ஒருவாட்டி பாத்துப்புடணும்னு இருந்தேன், இப்பப் பாத்துட்டேன் என்று சொல்லி வடிவின் உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள், வடிவு பதிலுக்கு ஏதோ சொல்ல நினைத்தாள், நான் ஒண்ணும் பெருசாச் செய்யல என்பது போல, அது பொய்யாக இருக்கும் என்று தோன்றியது, அந்த வரியக் கேக்க நீங்க அங்க இருந்தீங்களே, அதுக்கு நாந்தான் கும்பிடணும் என்றாள்.

பிற்பகல் ரயிலில் மூவருக்கும் ஒரே பெட்டியில் இடம், எதிரெதிர் இருக்கை, வண்ணமுத்துவை வடிவு அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தாள், குள்ளமாக, வழுக்கையாக, தடித்த கண்ணாடியோடு இருந்தார், வடிவு முப்பது வருடமாக மனதில் வைத்திருந்த நெடிய மனிதர் எங்கே போனார் என்று தெரியவில்லை, அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், சொகமாம்மா என்றார், சொகந்தான் அண்ணாச்சி என்றாள், விருதுநகர்வரை அதற்கு மேல் பேச்சு ஓடவில்லை, இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள், முப்பிடாதி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நீங்க ரெண்டு பேரும் மொகம் பாத்துப் பேசிப் பழகாத ஆளுக, ஏங்க, எந்திரிச்சுக் கதவுகிட்டப் போங்க, போயி போன் போடுங்க என்றாள், வண்ணமுத்து சிரித்தார், ஆனால் எழுந்து போய்விட்டார், சாத்தூர் தாண்டியதும் வடிவின் கைப்பைக்குள் செல்போன் அடித்தது, கேக்குதாம்மா என்றது குரல், அந்தக் குரல்தான், கொஞ்சம் கரகரத்திருந்தது, கேக்குது அண்ணாச்சி, சொல்லுங்க என்றாள். இத்தனை வருசமா ஒண்ணு சொல்லணும்னு வச்சிருந்தேன், அன்னைக்கு லைன் கட்டாகலம்மா, நாந்தான் வச்சேன், நீங்க வீட்டுல சொகமான்னு கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைச்சுக்கிட்டு வந்துட்டு, உங்க காதுல அழுதுரக் கூடாதுன்னு வச்சுட்டேன், என் கையில இன்னும் மூணு பேரு பாக்கி இருந்துச்சு, திரும்பப் போடுறதுக்குள்ள லைன் நெசமாவே போயிட்டு, எல்லாரும் சாயங்காலம் தெரிஞ்சுக்கிட்டாவ, அந்த மூணு வீட்டுக்காரங்க மட்டும் இன்னும் ஒருநாள் ராப்பகலா முழிச்சுக் கெடந்தாவ, தண்ணி வடிஞ்சதும் மூணு வீட்டுக்கும் போயி என்னாலதான்னு சொன்னேன், உங்ககிட்ட மட்டும் சொல்லல, கேட்டது தப்பாப் போச்சேன்னு நீங்க நெனச்சுக்கிடக் கூடாதுன்னு, ஆனா நீங்க கேக்காம இருந்திருந்தா எம் பேரு வந்திருக்காது, இவ தைரியமாக் கெடந்திருக்கமாட்டா, அதையும் வச்சுக்கிடணும், இதையும் வச்சுக்கிடணும் என்றார், ரயில் சத்தத்துக்கு நடுவே அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

இந்தக் கரையில் கண் பூத்துக் கிடந்த அந்த மூன்று வீட்டாரை வடிவு நினைத்தாள், இனி அவர்களை நினைக்காமல் அந்த நாளை நினைக்க முடியாது, ஆனாலும் நெஞ்சில் ஒரு பாரம் ஏறிய அதே இடத்தில் வேறொன்று இறங்கியது, இவ்வளவு காலமும் அந்த நாளை அவள் ஒருத்தியாகச் சுமக்கவில்லை, கம்பியின் மறுமுனையில் இன்னொருவரும் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தார், வந்து உக்காருங்க அண்ணாச்சி என்றாள், அவர் வந்து எதிரில் உட்கார்ந்தார், கண்ணாடியைத் துடைத்தார், அவள் இந்த முறை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை, குரல் வரும்போது அந்தச் சின்ன முகம் எப்படி அசைகிறது என்று பார்க்க ஆசையாக இருந்தது, அவளுக்கு வந்த செய்திகள் எல்லாம் பாதியில் நின்றவை, வீடு எரிந்தது என்பதுவரை எடுத்திருக்கிறாள், அதைத் திரும்பக் கட்டினார்களா என்று கேட்டதில்லை, கேட்பதற்குள் அடுத்த மணி அடித்துவிடும், இன்று அடுத்த மணி இல்லை, கோவில்பட்டி வந்துகொண்டிருக்கிறது, திருநெல்வேலிக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம் கிடக்கிறது, வெயில் சாய்ந்து கரிசல் காட்டின்மேல் பொன்னாகப் படர்ந்திருந்தது, அந்த மூணு வீட்டுக்கும் போனீங்களே, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டாள், முதல் வீட்டுல ஒரு கெழவரும்மா, பேரு சங்கிலிப்பூதத்தார், என்னப் பாத்ததும் உள்ள கூப்பிட்டு உக்கார வச்சாரு என்று வண்ணமுத்து தொடங்கினார், முப்பிடாதி முட்டியைக் கட்டிக்கொண்டு சாய்ந்தாள், வடிவு எதையும் எழுதிக்கொள்ளாமல், அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.